மழையில்லாத ஐப்பசி வெள்ளம்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கடலுக்கும் விரிகுடாவுக்கும் நடுவே தீவாக இருக்கும் மியாமி பீச்சுக்குக் குடிவருபவர்களை முதலில் ஏமாற்றுவது ஐப்பசி. வானத்தில் பொட்டு மேகம் இருக்காது, வெயில் சுள்ளென்று அடிக்கும், தெருவில் கணுக்கால் அளவுத் தண்ணீர் நிற்கும். எங்கோ குழாய் உடைந்துவிட்டது என்றுதான் தோன்றும். உண்மையில் அது உப்புத் தண்ணீர். (நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், வடிகால் வழியே வந்தது.) அடைமழைக்கே பழகிய நமக்கும் குடை தேவைப்படாத வெள்ளம் புதிதுதான்.

ஊர் பிறந்த கதையைக் கேட்டால் காரணம் புரியும். 1880களில் இங்கே தென்னந்தோப்பு போட வந்தவர்களின் முளைவிட்ட காய்களை எலியும் முயலும் தின்று தீர்த்தன. பிறகு நியூஜெர்சிக்காரர் ஜான் காலின்ஸ் அவகாடோ பயிரிட்டு, விளைச்சலைக் கரைசேர்க்க இரண்டரை மைல் மரப்பாலம் கட்டத் தொடங்கினார். பாதியில் பணம் தீர்ந்துபோனது. கார் விளக்கு வியாபாரத்தில் பணம் பார்த்த கார்ல் ஃபிஷர் 50,000 டாலர் கடன் கொடுத்து, பதிலுக்கு 200 ஏக்கர் வாங்கிக்கொண்டார். 1913இல் பாலம் திறந்தது, 1915இல் ஊர் பதிவானது. அலையாத்திக் காட்டை வெட்டிச் சாய்த்து, விரிகுடாவின் அடிமணலை இயந்திரத்தால் உறிஞ்சி மேலே கொட்டி மனை போட்டார்கள். வேளச்சேரியைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

ஆகவே வீடு பார்க்கும்போது கடற்கரைப் பக்கம் ஆபத்து, விரிகுடாப் பக்கம் பத்திரம் என்று கணக்குப் போடாதீர்கள். இந்த ஓத (கடல் ஏற்ற) வெள்ளத்தைப் பொறுத்தவரை நேர்மாறு: கிழக்கே இயற்கையான மணல்மேடு, மேற்கே ஆல்டன் சாலைப் பக்கம்தான் பள்ளம். ஓதம் ஏறும்போது கடல்நீர் மழைநீர்க் குழாய்களில் பின்னோக்கி ஏறி, தெருச் சல்லடை வழியே வெளிவரும். ஒருவழி அடைப்பான்களும் பம்புகளும் போட்டிருக்கிறார்கள். சிப்பியோ குப்பையோ சிக்கி அடைப்பான் சரியாக மூடாவிட்டால் பழைய கதைதான். சுவர் எழுப்பியும் முழுக்கத் தடுக்க முடியாது, அடியில் இருப்பது துளைத்துளையான சுண்ணாம்புப் பாறை. சன்செட் ஹார்பர் பகுதியில் சாலையையே உயர்த்திவிட்டார்கள். அங்கே சில கடைகளுக்கு இப்போது தெருவிலிருந்து படி இறங்கிப் போக வேண்டும்.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை, அமாவாசை, பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் கவனம். அந்த நாட்களில் உச்ச ஓதம் காலை எட்டு, ஒன்பது மணி வாக்கிலும் இரவு அதே வாக்கிலும் வரும், அடுத்தடுத்த நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். காரை முதல் நாள் இரவே மேட்டுத் தெருவில் விட்டுவிடுங்கள். உப்புநீரில் ஓட்டியே ஆகவேண்டுமென்றால் மெதுவாகப் போய், அன்றே அடிப்பாகத்தையும் சக்கரங்களையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இல்லாவிட்டால் பிரேக் தட்டில் துரு ஏறும். ராசிபலனில் சந்திராஷ்டமம் பார்க்கிறவர்களைக் கேலி செய்தவர்கள்கூட இங்கே வந்து சந்திரனைப் பார்த்துத்தான் வண்டி எடுக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த தினசரி காலண்டரை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். இங்கே நேரம் பருவத்தைப் பொறுத்து ஒன்பதரை அல்லது பத்தரை மணி பின்தங்கியது, திதி முதல் நாளே பிறந்துவிடலாம்.

மற்றதெல்லாம் பழகிவிடும். 1959 புரட்சிக்குப் பிறகும், 1980இல் மரியேல் படகுகளிலும் வந்த கியூபர்களால் ஸ்பானியம் இல்லாமல் இங்கே பாதி வேலை நடக்காது. காபிக்குக் கவலையில்லை. முதலில் சொட்டும் டிகாஷன் சில துளிகளைச் சர்க்கரையில் விட்டு, வெளுத்து நுரைக்கும்வரை அடித்து, மீதியை மேலே ஊற்றுவார்கள். 'கொலாடா' கேட்டால் ஒரு கோப்பைக் காபியும் நாலைந்து குட்டிக் குவளைகளும் வரும். அது பகிர்ந்து குடிக்க வேண்டியது, தனியாகக் குடித்தால் இரவு தூக்கம் வராது. டபரா இல்லையே என்று கை தேடும், அவ்வளவுதான்.

தென்னை தெருவெல்லாம் நிற்கும், இளநீர் கிடைக்காது. தலையில் விழுமென்று ஹோட்டல்காரர்கள் பலர் காயைப் பிஞ்சிலேயே வெட்டி எறிகிறார்கள்.

அமாவாசையன்று முதல் வேலை காரை மேட்டில் ஏற்றுவது, அப்புறம்தான் படையல். மதில்மேல் சோறு வைத்துக் கா கா என்று கூப்பிட்டால், ஈரத் தெருவில் நடந்து வருவது பெரும்பாலும் வெள்ளை அரிவாள் மூக்கன்.