பாப்கேஜன் வானத்தில் இரண்டாவது நட்சத்திரம்

2015 நவம்பரில் லால்குடியிலிருந்து டொராண்டோ வந்தேன். முதல் வேலை மிசிசாகாவில் ஒரு கிடங்கில், நைட் ஷிஃப்ட். கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவர் விடிகாலையில் தன் காரில் ஸ்கார்பரோ வரை கொண்டுவந்து விடுவார். அவர் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி முடிக்கும்வரை நான் டிம் ஹார்ட்டன்ஸ் காபி கப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் ரேடியோவைப் போடுவார், அதில் ஒருநாள் வந்த பாட்டுதான் 'பாப்கேஜன்'.

பாடியது டிராஜிக்கலி ஹிப், கனடாவின் கிங்ஸ்டன் ஊர்க்காரர்களின் ராக் பேண்ட். 1998-ல் வந்த 'ஃபேன்டம் பவர்' ஆல்பத்தில் இருக்கிறது. கிடார் அவசரமே இல்லாமல் தொடங்கும். காதலியின் வீட்டிலிருந்து காலையில் கிளம்பி டொராண்டோவுக்கு வேலைக்குத் திரும்புகிற ஒரு குதிரைப் போலீஸ்காரன், பேசாமல் வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறான். பாப்கேஜன் என்ற ஊரில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்ததை அவன் பார்த்துவிட்டான், அவ்வளவுதான்.

அன்று காரில் எனக்குப் புரிந்தது அந்த நட்சத்திர வரி மட்டும்தான், ஆனால் அது போதுமாக இருந்தது, ஏனென்றால் வந்ததிலிருந்து ராத்திரி முழுக்க டியூப்லைட்டுக்குக் கீழேயே இருந்த நான் ஒரு நட்சத்திரத்தைக்கூட நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை. ஊரில் மொட்டைமாடியில் படுத்திருக்கும்போது ஒற்றை நட்சத்திரம் கண்ணில் பட்டால் ஆகாது, உடனே இன்னொன்றைத் தேடு என்பார் அப்பாயி.

பாட்டின் நடுவே ஒரு கலவரம் வரும், குரலும் கிடாரும் அங்கே இறுகும். இனவெறிக் கூட்டம் ஒன்றைப் பற்றிய வரிகள் அவை. 1933 ஆகஸ்டில் டொராண்டோவின் கிறிஸ்டி பிட்ஸ் பூங்காவில் பேஸ்பால் ஆட்டம் முடிந்ததும் சிலர் நாஜிகளின் ஸ்வஸ்திகா கொடியை விரிக்க, யூத இளைஞர்களும் அவர்களோடு நின்ற இத்தாலிய இளைஞர்களும் எதிர்த்து மோதிய கலவரத்தோடு ரசிகர்கள் பலர் இதைச் சேர்த்துச் சொல்வார்கள். வெறும் காதல் பாட்டு என்று நினைத்திருந்த எனக்கு இது தெரிந்த பிறகு பாட்டு இன்னும் நெருக்கமாகிவிட்டது. இந்த நகரத்தில் வந்தேறிகள் எதையெல்லாம் தாண்டி நின்றார்கள் என்பதை அது மறைக்கவில்லை.

2016 மே மாதம் பாடகர் கார்ட் டவுனிக்கு மூளைப் புற்றுநோய் என்று செய்தி வந்தது. ஆகஸ்ட் 20 அன்று கிங்ஸ்டனில் அவர்களின் கடைசிக் கச்சேரி. கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி நேரலையாகக் காட்ட, நாடு முழுக்கக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். நானும் அண்ணன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த வருடம் அக்டோபரில் டவுனி இறந்துபோனார்.

அப்புறம் ஒரு கோடையில் பாப்கேஜனுக்கே போனோம். டொராண்டோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சின்ன ஊர், நடுவே டிரென்ட்-செவர்ன் கால்வாயின் 32-ஆம் மடை, படகுகள் உள்ளே வந்து தண்ணீர் ஏறும்வரை காத்திருக்கும். இருட்டும்வரை மடைச்சுவரின் மேல் உட்கார்ந்திருந்தோம். முதலில் ஒன்று தெரிந்தது. பழக்கதோஷம், உடனே இரண்டாவதைத் தேடினேன். மரங்களுக்கு மேலே, சரியாக இடது பக்கம் இருந்தது.