ஒரு ஆளுக்கு ஒரு காப்ளர்

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு வாளி நிறைய பீச் பழம்.

முந்தின நாள் சாயங்காலம் ஆலங்கட்டி மழை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஜனவரிதான் நடுக்கோடை. மத்தியானம்வரை வெயில் மண்டையைப் பிளக்கும். நாலு மணிக்கு மேல் வானம் கறுத்து, இடி இடித்து, சில நாள் கல்லும் கொட்டும். அன்றைக்கு விழுந்த கல் ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு. வீட்டுக்கார ஆன்ட்டியின் கொல்லையில் நிற்கும் மஞ்சள் பீச் மரம் பாதிக் காயை உதிர்த்துவிட்டது. விழுந்த பழத்தில் எல்லாம் கட்டைவிரலால் அமுக்கியது போலக் குழி. இரண்டு நாள் வைத்தால் அந்தக் குழியிலிருந்தே அழுகத் தொடங்கும். ஆகவே ஆன்ட்டி ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் எங்கள் தெரு முழுக்க வாளி வாளியாக விநியோகம் செய்துவிட்டார். பின்கட்டில் வாடகைக்கு இருக்கும் எனக்குப் பெரிய வாளி.

அது 2023. மனைவியும் மகளும் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தார்கள். நான் ஒண்டிக்கட்டை. சரி, பழத்தை வீணாக்காமல் சின்னதாக ஏதாவது செய்து சாப்பிடுவோம் என்று தேடியபோது கிடைத்ததுதான் காப்ளர். பழத்தையும் மாவையும் ஒரே கிண்ணத்தில் வைத்துச் சுட்டெடுக்கும் அமெரிக்க வீட்டுப் பலகாரம். மேலே மாவு மேடும் பள்ளமுமாக வெந்து, கல் பாவிய தெரு மாதிரி இருப்பதால் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். மனைவிக்கு வாட்ஸப்பில் பெயரை அனுப்பினேன். "காப்ளர்னா செருப்பு தைக்கிறவர்தானே? என்னங்க, ஷூ கிழிஞ்சிருச்சா?" என்று பதில் வந்தது.

எனக்குப் பிடித்த விஷயம், இதில் திறமை எதுவும் தேவையில்லை என்று எல்லோரும் அடித்துச் சொன்னதுதான். பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கு. மாவு, சர்க்கரை, பால், பேக்கிங் பவுடர் கலந்து அதன்மேல் ஊற்று. பழத்தை மேலே போடு. கிண்டாதே. ஓவன் அடுப்பில் வை. பழம் அடியில் இறங்கும், மாவு மேலே வரும். குழந்தைகூடச் செய்யும் என்றிருந்தது. குழந்தை ஊரில் இல்லாததால் நானே இறங்கினேன்.

முதல் தகராறு வெண்ணெயில். நான் பார்த்த குறிப்பில் 'அரை ஸ்டிக் வெண்ணெய்' என்றிருந்தது. இங்கே கடையில் வெண்ணெய் பெரும்பாலும் அரைக் கிலோ செங்கல்லாகத்தான் கிடைக்கும். ஒரு ஸ்டிக் என்றால் ஒரு கட்டி, அரை என்றால் அதில் பாதி, கால் கிலோ என்று கணக்குப் போட்டு வெட்டியும் வைத்துவிட்டேன். நல்லவேளையாக வீடியோ அழைப்பில் மனைவி அதைப் பார்த்தாள்.

"ஒரு ஆளுக்கு இவ்வளவா? நீங்க பண்ணப்போறது காப்ளரா, ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க் காப்பா?"

அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். அமெரிக்க ஸ்டிக் என்பது 113 கிராம்தான். நான் செய்யும் சின்னக் கிண்ணத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 கிராம் போதும்.

இரண்டாவது தகராறு, 'கிண்டாதே'. அல்வா கிண்டும் ஊரில் பிறந்தவனிடம் போய்க் கிண்டாதே என்றால்? வெண்ணெய் ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்பதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்றுதான், கரண்டியை விட்டுவிட்டேன். வீட்டில் வேறு யாருமே இல்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, சூடு. குறிப்பில் 350 டிகிரி. என் அடுப்பின் திருகில் 250-க்கு மேல் எண்ணே கிடையாது. பழைய அடுப்பு, பாவம், முடிந்தவரை கொடுக்கட்டும் என்று 250-க்குத் திருப்பிவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போனேன். அவர்கள் சொன்ன 350 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் சுமார் 177 என்பது கால் மணி நேரத்தில் புகையாக வந்து தெரிவித்தது. மேலே தார் ரோடு, உள்ளே களி. அந்த ஒரே ஒரு சுற்று கிண்டியதன் பலனும் தெரிந்தது: ஓரத்தில் வெண்ணெயில் பொரிந்து மொறுமொறுப்பாக வரவேண்டிய விளிம்பு வரவே இல்லை. கல் பாவிய தெரு என்று சொன்னது சரிதான். எனக்குக் கிடைத்தது மாநகராட்சி தோண்டிப் போட்ட தெரு.

வெள்ளிக்கிழமை மறுபடி. இந்த முறை 180 டிகிரி, கிண்டவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் நேற்று மாவு உப்பாமல் போன வருத்தத்தில் பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டிக்குப் பதில் ஒரு தேக்கரண்டி முழுசாகப் போட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தாவது நிமிடம் மாவு எழுந்தது. எழுந்தது, எழுந்தது, கிண்ணத்தின் விளிம்பில் நின்று யோசித்தது, அப்புறம் பொங்கல் பானை மாதிரி நாலா பக்கமும் வழிந்து அடுப்பின் அடித்தட்டில் விழுந்து கருகத் தொடங்கியது. "பொங்கலோ பொங்கல்" என்று கத்தத்தான் ஆள் இல்லை. வழிந்தது போக மிச்சம் இருந்தது அப்படியே நடுவில் உட்கார்ந்து பள்ளமாகிவிட்டது.

காரணத்தை மறுநாள் ஆன்ட்டிதான் சொன்னார். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கொடைக்கானலைவிடச் சில நூறு மீட்டர்தான் குறைவு, ஆனால் மலை ஏறிய நினைப்பே யாருக்கும் இருக்காது. இங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். வந்த புதிதில் துவரம்பருப்பு வேகாமல் கடைக்காரரைத் திட்டியிருக்கிறேன். அதே அழுத்தக் குறைவால் மாவுக்குள் கிளம்பும் வாயு வழக்கத்தைவிட அதிகமாக விரிகிறது. மாவு வெந்து இறுகுவதற்குள் எகிறிப் போய், நிற்க வலுவில்லாமல் சரிந்துவிடும். "கடலோரம் டர்பன்ல இருக்கற என் தங்கச்சி எழுதிக் கொடுத்த கேக்கை அப்படியே இங்க பண்ணா விழும் தம்பி. பவுடரைக் கொஞ்சம் குறைக்கணும்" என்றார் ஆன்ட்டி. அவர் பேசியது ஆங்கிலம். 'தம்பி' மட்டும் அவருடைய தமிழ். 1860-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து டர்பனில் இறக்கிய காலத்தை ஒட்டி, கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். ஐந்து தலைமுறை ஆகிவிட்டது. ரசம், புளி, சாமி, அய்யோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. முருகன் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒரு எழுத்து பிசகாமல் பாடுவார்.

சனிக்கிழமை நான் ஒழுங்காக ஆயத்தமானேன். இந்த மஞ்சள் பீச்சில் சதை கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டாகப் பிளந்து திருகினால் கொட்டை கழன்று வரும் என்று காணொளிகளில் காட்டுவது வேறு ஜாதிப் பழம். இதை மாங்காய் சீவுவது போலக் கொட்டையைச் சுற்றிச் சீவித்தான் எடுக்கவேண்டும். தோலின் மேலே இருக்கும் பூனைமுடி கையில் பட்டால் அரிக்கும். கொதிநீரில் அரை நிமிடம் போட்டுக் குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றினால் தோல் சட்டை கழற்றுவது போல வந்துவிடுகிறது. இரண்டு பழம், அடிபட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு கரண்டி சர்க்கரையும் சிட்டிகை ஏலக்காயும் தூவி வைத்தேன். ஆறு மேசைக்கரண்டி மாவு (இங்கே மைதாவுக்குப் பதில் கேக் மாவு என்று கேட்டு வாங்கவேண்டும்), நாலு கரண்டி சர்க்கரை, ஆறு கரண்டி பால், ஒரு சிட்டிகை உப்பு, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக. எல்லாம் கனகச்சிதம். 180-ல் சூடேறிய அடுப்பில் கிண்ணத்தை வைத்துக் கதவை மூடினேன். அரை மணியில் காப்ளர்.

ஏழாவது நிமிடம் மின்சாரம் போனது.

மின்வெட்டு இல்லாத நாள் அந்த ஜனவரியில் ஏது? நிலை ஏற ஏற வெட்டும் கூடும்; அப்போது ஆறாம் நிலைவரை போயிருந்தது. எத்தனை மணிக்குப் போகும் என்று கைபேசியில் அட்டவணையே வரும். நானும் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன்; முந்தின நாள் அட்டவணையை.

ஓடிப்போய் ஆன்ட்டியிடம் எப்போது வரும் என்று கேட்டேன். "ஜஸ்ட் நவ்" என்றார். இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம் இந்த வார்த்தையை நம்பி ஒரு பிளம்பருக்காக நாள் முழுக்கக் காத்திருந்தவன் நான். தென்னாப்பிரிக்காவில் 'ஜஸ்ட் நவ்' என்றால் இப்போது இல்லை, அப்புறம் என்று பொருள். அந்த அப்புறம் எப்போது என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

கொல்லையில் அங்கிள் ஏற்கெனவே கரி மூட்டியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ப்ராய், அதாவது கரியில் கறி வாட்டும் விருந்து, போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஆனால் அடுத்த வாரம் தைப்பூசம், காவடி. வீட்டில் பத்து நாள் விரதம் தொடங்கிவிட்டது. கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டையும் கிடையாது. ஆகவே புதுசாக வாங்கிய கம்பிவலையில் மக்காச்சோளத்தை வரிசையாக அடுக்கி, ஆட்டுக்கால் வாட்டும் அதே கவனத்தோடு ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். முகத்தில் மட்டும் ஒரு துக்கம்.

நான் பாதி வெந்த கிண்ணத்தோடு போய் நின்றேன். அவர் எட்டிப் பார்த்தார். "போய்கியில வைப்போம்" என்றார். போய்கி என்பது வார்ப்பிரும்புச் சட்டி. மூன்று கால் வைத்தது கறிக்கு. அடி தட்டையானது ரொட்டிக்கு. மூடி மேலும் நெருப்பு வைத்தால் அதுவே அடுப்பு.

அதற்குள் சமையலறை சன்னலில் இருந்து ஆன்ட்டி: "அதுல மட்டன் வச்சிருக்கீங்க!"

"இது ரொட்டிச் சட்டி!"

"போன கிறிஸ்துமஸுக்கு?"

அங்கிள் ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் சோளத்தைப் பார்த்தேன். "அது மூணு கால் சட்டி" என்றார் மெதுவாக. ஆன்ட்டி இறங்கி வந்து சட்டியை முகர்ந்து பார்த்தார். அப்புறம் என் கிண்ணத்தைக் காட்டி, "முட்டை?" என்றார். இல்லை என்றேன். இந்த வகைக் காப்ளரில் முட்டையே கிடையாது. என் வாழ்க்கையில் ஒரு சமையல் கேள்விக்கு இவ்வளவு நிம்மதியாக நான் பதில் சொன்னதில்லை.

அங்கிள் சட்டிக்குள் மூன்று கூழாங்கல்லைப் போட்டு அதன்மேல் கிண்ணத்தை வைத்தார், அடி தீயாமல் இருக்க. கீழே ஆறு கரித்துண்டு, மூடி மேலே பன்னிரண்டு. "மேல ரெண்டு மடங்கு. ரொட்டி மேலேருந்துதான் சிவக்கும்" என்றார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நான் மூடியைத் தூக்கப் போக, அவர் இடுக்கியால் என் கையைத் தட்டிவிட்டார். திறந்தால் சூடு போய்விடுமாம். எனக்கோ கிண்டவும் கூடாது, பார்க்கவும் கூடாது. வாசனைதான் ஒரே தகவல். முதலில் வெண்ணெய், அப்புறம் பழம் பாகாகும் வாசம், கடைசியில் ஓரம் பொரியும் வாசம். அப்போது திறந்தார்.

நடுவில் பொன்னிறமாக மாவு மேடு கட்டியிருந்தது. மேட்டுக்கு நடுவே மஞ்சள் பழம் அங்கங்கே தலைகாட்டி, அதைச் சுற்றி சாறு கொப்பளம் விட்டுக்கொண்டிருந்தது. விளிம்பு நல்ல பழுப்பு, வடையின் ஓரம் மாதிரி. மூடியிலிருந்து விழுந்த சாம்பல் ஒரு சிட்டிகை. அதை ஆன்ட்டி ஊதிவிட்டு, "விபூதி" என்றார்.

ஒரு ஆளுக்குச் செய்தது என்று நான் சொல்வதற்குள் பேரப்பிள்ளைகள் நாலு பேர் ஸ்பூனோடு வந்துவிட்டார்கள். "ஆயா, சூடு, சூடு" என்று கத்திக்கொண்டே ஊதி ஊதித் தின்றார்கள். அங்கிள் சட்டிக்காரர் என்ற உரிமையில் மொறுமொறுப்பான மூலையை எடுத்துக்கொண்டார். ஆன்ட்டி ருசி பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஏலக்காய் போட்டிருக்கலாம் என்றார். என் பங்குக்கு ஒரு கரண்டி வந்தது. அதில் பழம் இல்லை, ஆனால் பழச்சாறு ஊறிய மாவு இருந்தது. சத்தியமாக நன்றாக இருந்தது. "ஷேம், தம்பிக்கு ஒண்ணுமே மிஞ்சலையே" என்று இரக்கப்பட்டு ஆன்ட்டி இரண்டு சுட்ட சோளம் கொடுத்தார்.

சோளத்தைக் கடித்துக்கொண்டே பின்கட்டுக்குத் திரும்பினேன். மின்சாரம் எப்போதோ வந்திருந்தது. சமையலறையில் விளக்கைப் போட்டால், காலி அடுப்பு 180-ல் தன்பாட்டுக்குக் கனகனவென்று எரிந்துகொண்டிருக்கிறது. போகிற அவசரத்தில் நான் திருகை அணைக்கவே இல்லை. அடுத்த வெட்டு எத்தனை மணிக்கு என்று பார்த்தேன், இந்த முறை தேதியையும் சேர்த்து. ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. வாளியிலிருந்து இரண்டு பழத்தை எடுத்துக் கழுவினேன். அப்புறம் சன்னல் திரையை இழுத்துவிட்டேன்.