பன்னிரண்டு நிமிடப் பிளேன்டீ

போயா தினம், அதாவது பௌர்ணமி, ஊருக்கு விடுமுறை. எனக்கு அது சேர்வர்களுக்குப் பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போடும் நாள். திருகோணமலை டச்சுக் குடாவிலிருந்து வீசும் உப்புக்காற்றுக்குப் பயந்து எப்போதும் சாத்தியே கிடக்கும் அறையில் மூன்று ஹோஸ்ட்கள்: மென்பொருளால் ஆன பல மெய்நிகர் கணினிகளைத் தமக்குள் ஓடவிடும் சேர்வர்கள். ஒன்றிலுள்ள மெய்நிகர் கணினிகளை விமோஷன் (ஓட ஓடவே இடம்மாற்றும் வசதி) வழியாக மற்ற இரண்டுக்கும் நகர்த்தி, அதை மெயின்டனன்ஸ் மோடில் வைத்து, பேட்ச் ஏற்றி, ரீபூட் செய்ய வேண்டும். பிறகு அடுத்தது. ஒன்று வெளியே நிற்கும் நேரமெல்லாம் மற்ற இரண்டும் மூச்சுப் பிடித்துச் சுமக்கின்றன. அப்போது இன்னொன்று விழுந்தால் கதை முடிந்தது.

பேட்ச்தான் நேரத்தைத் தின்கிறது என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன். ஒரு நாள் கொப்பியும் கடிகாரமுமாக உட்கார்ந்தேன். பேட்ச் ஏற மூன்று நிமிடம். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஹைப்பர்வைசரான ஈஎஸ்எக்ஸ்ஐ எழும்ப நான்கு. நடுவில் பன்னிரண்டு நிமிடம் விசிறிகள் அலற, சேர்வர் எழும்பும்போது முதலில் ஓடும் பயோஸ் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தது: மெமரிச் சோதனை, வட்டுகளைக் கவனிக்கும் ரெய்டு கார்டு. வலையமைப்புக் கார்டு வேறு, வலையமைப்பு வழியே எழுப்பிவிடும், ஆனால் நாங்கள் ஒருபோதும் வைத்திராத பூட் சேர்வரைத் தேடிக் காத்துக் கிடந்தது! அந்தத் தேடலை பயோஸில் நிறுத்தியதிலேயே இரண்டு நிமிடம் மிச்சம். இத்தனை வருடமும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டுதான் பிளேன்டீ குடித்திருக்கிறேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மீதியைத் தீர்த்தது குயிக் பூட். 2018இல் ஈஎஸ்எக்ஸ்ஐ அடங்கிய விஎம்வேர் விஸ்பியர் 6.7 பதிப்போடு வந்த வசதி. வன்பொருளை அணைக்காமல், பயோஸ் பக்கமே போகாமல், புதிய ஹைப்பர்வைசரை நினைவகத்தில் ஏற்றி நேரே அதற்குள் குதித்துவிடும். லினக்ஸ்காரர்களுக்கு கேஎக்ஸெக் என்ற பெயரில் இது பழைய சங்கதி. ஆனால் எல்லா சேர்வரும் இதற்கு ஒத்துவராது. எங்கள் மூன்றில் ஒன்றில் ஒரு கார்டை மெய்நிகர் கணினி ஒன்றுக்கு நேரடியாகக் கொடுத்திருந்தோம். அதற்குப் பழைய வழிதான்.

"இன்றைக்குத் தேநீருக்கு நேரமே இல்லையா, அண்ணா?" என்றான் உடன் வேலை செய்யும் தம்பி. பெருமையாகத்தான் இருந்தது, அந்த நீண்ட மின்வெட்டு வரும்வரை. யூபிஎஸ் கைவிட்டது. மின்சாரம் திரும்பியதும், ஒன்றரை வருடமாகக் குயிக் பூட்டிலேயே ஓடிய ஹோஸ்ட் ஒரு ரேம் கார்டைக் கணக்கில் காட்டவில்லை. எப்போது பழுதானதோ, யாருக்குத் தெரியும்? அதைக் கண்டுபிடிக்க வேண்டிய சோதனையைத்தான் நான் ஒவ்வொரு போயாவுக்கும் தாண்டிப் போயிருந்தேன். சேர்வரின் வன்பொருள் பிழைகள் பதிவாகும் நிர்வாகப் பதிவேட்டைத் திறந்து பார்க்காததும் என் குற்றமே.

இப்போது வெசாக் போயாவுக்கு மட்டும் குயிக் பூட்டை நிறுத்திவிடுவேன். ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்புகளுக்கு எப்படியும் முழு ரீபூட் வேண்டும். மெமரிச் சோதனை, புதுப்பிப்பு இரண்டையும் அன்றே முடித்துக்கொள்கிறோம். தம்பி முணுமுணுப்பான். ஹோஸ்டுக்கு ஒன்றாக மூன்று பிளேன்டீ.