ஹிஸ்டமின் ஒவ்வாதவர்களுக்கு ஊட்டிச் சமையல்

"இங்கே இருக்கிற குளிருக்கு மீன் குழம்பு எங்கே கெடப்போகுது?" என்று ராத்திரி அடுப்படியிலேயே மூடி வைப்பது நீலகிரியில் பல வீட்டு வழக்கம். ஹிஸ்டமின் என்பது சில உணவுகளில் சேரும் ஒரு வேதிப்பொருள்; சிலர் உடம்பால் அதைச் சரியாகச் சிதைக்க முடியாது. அப்படி ஒவ்வாதவர்களுக்கு முதல் தொல்லை அங்கேதான். மீனிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றும். ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. வாடையும் காட்டாது. மத்தி, அயிலை, சூரை மூன்றிலும் ஹிஸ்டிடின் அதிகம். கடலிலிருந்து மலையேறி வரும் வழியில் ஐஸ் குறைந்தாலே போதும். அதனால் ஆரம்பத்தில் மீனே வேண்டாம். அன்றைக்கு வெட்டிய கோழியை வாங்கி உடனே சமைத்து, மிச்சத்தை ஒருவேளை அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு போதாது.

தக்காளி, கத்தரி, பசலை, ஊறுகாய், கருவாடு, புளித்த தயிர் எல்லாவற்றையும் 2 முதல் 4 வாரம் நிறுத்துங்கள். இட்லி மாவுக்குப் பதில் இடியாப்பம், புளிக்காத அரிசி மாவு தோசை. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். நம் மலையில் விளைவதே இவைதானே!

பிறகு நிறுத்தியதில் ஒரு நேரத்தில் ஒரே பொருளைத் திரும்பச் சேருங்கள்: முதல் நாள் கால் தக்காளி, தொந்தரவில்லை என்றால் மூன்றாம் நாள் அரை. முகச்சிவப்பு, தலைவலி, மூக்கடைப்பு, வயிற்றுப்போக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுங்கள். அன்றைய மொத்த ஹிஸ்டமின் சுமையும் கணக்கு: தக்காளி மட்டும் தாங்கும், அதோடு கருவாடும் சேர்ந்தால் தாங்காது.

மூச்சுத் திணறலோ தொண்டை வீக்கமோ வந்தால் பத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.