மூன்று இடங்களில் கிரெடிட் முடக்கம்: என் அனுபவம்

நான் நியூஜெர்சியில் வசிக்கிறேன். வேறொரு மாநில முகவரியில் என் பெயரில் வாங்கப்பட்ட செல்பேசி இணைப்புக்கு நிலுவை கேட்டு வசூல் நிறுவனம் ஒன்று கடிதம் அனுப்பியபோதுதான், என் சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) யாரிடமோ சிக்கியிருப்பது தெரிந்தது.

அன்றிரவே மோசடி எச்சரிக்கை ஒன்றைப் பதிவு செய்தேன். நம் கடன் வரலாற்றைத் தொகுத்து அறிக்கையாகத் தரும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களில் ஒன்றிடம் சொன்னாலே அது மற்ற இரண்டுக்கும் போய்விடும், ஓராண்டு நீடிக்கும். அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். ஆனால் எச்சரிக்கை, கடன் தருபவரிடம் ஆளைச் சரிபார்க்கச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. கிரெடிட் முடக்கமோ, புதிதாகக் கடன் தர வருபவருக்கு நம் கடன் அறிக்கையையே காட்டுவதில்லை. அதை மூன்று நிறுவனங்களிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 2018 செப்டம்பர் 21 முதல் இதற்குக் கட்டணம் கிடையாது.

இரண்டு நிறுவனங்களில் இணையம் வழியாகவே சில நிமிடங்களில் முடிந்தது. மூன்றாவது நிறுவனத்தின் சரிபார்ப்புக் கேள்வியில் நான் வசித்த முகவரியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பட்டியலில் இருந்ததோ திருடன் கொடுத்த முகவரி. உண்மையைச் சொன்னதால் நான் நானல்ல என்று ஆனது, இன்று நினைத்தாலும் மனம் கொதிக்கிறது. ஓட்டுநர் உரிமம், மின்கட்டண ரசீது ஆகியவற்றின் நகல்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதம் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் முடக்க வேண்டும் என்பது சட்டம். இணையத்திலோ தொலைபேசியிலோ கேட்டால் ஒரே வேலை நாள்தான்.

முடக்கம் இனி வருவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே ஏறிவிட்ட பொய்க் கணக்கை நீக்காது. அதற்காக மத்திய வர்த்தக ஆணையத்தின் அடையாளத் திருட்டுத் தளத்தில் புகார் அறிக்கை தயாரித்து, அடையாளச் சான்றுடன் மூன்று நிறுவனங்களுக்கும் அனுப்பினேன். அவை கிடைத்த நான்கு வேலை நாட்களுக்குள் அந்தப் பதிவை மறைக்க வேண்டும் என்ற விதிதான் என்னைக் காப்பாற்றியது.

பின்னர் கார் கடன் கேட்டபோது, எந்த நிறுவனத்தின் அறிக்கையைப் பார்ப்பார்கள் என்று வங்கியிடம் முன்பே விசாரித்து, அதை மட்டும் ஒரு வாரத்துக்குத் திறந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் திறந்துவிட்டது. செல்பேசி நிறுவனங்கள் தொலைபேசி, மின்சாரம் போன்ற சேவைக் கணக்குகளைத் தொகுக்கும் என்சிடியூஇ (NCTUE) என்ற வேறொரு பதிவேட்டையும் பார்க்கின்றன என்பது எனக்குத் தாமதமாகவே தெரிந்தது. அங்கும் தனியே விண்ணப்பித்து முடக்கியிருக்கிறேன்.