எல்லோரும் ஊருக்குப் போன பிறகு கேம்பிரிட்ஜ்

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால் என் தட்டைத் தவிர எல்லாத் தட்டும் காலி. கீழ்த்தட்டில் பாதி வெண்ணெய், கொஞ்சம் முட்டை, பிரிக்காத சீஸ் பொட்டலம் ஒன்று. அதன்மேல் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில், "இங்கேயே இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம், விடுமுறை வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தது. நல்ல மனசோடுதான் யாரோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனாலும் அந்த 'இங்கேயே இருப்பவர்கள்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் மாடியில் அப்படி இருந்தது நான் ஒருத்திதான்.

கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்றதும் ஊரில் ஆளாளுக்கு வந்து எச்சரித்தார்கள். குளிர் தாங்காது, சாப்பாடு ஒத்துக்காது, பவுண்டை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் தூக்கம் வராது என்றெல்லாம் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். விசாவோடு கட்டுகிற மருத்துவக் கட்டணம் மட்டுமே வருஷத்துக்கு 776 பவுண்டு. அதையெல்லாம் ஒருவழியாகச் சமாளித்துவிட்டேன். மில் ரோட்டில் புளி, உளுந்து, பொன்னி அரிசி எல்லாம் கிடைக்கிறது. காய் வாங்கினால் கொசுறாகப் போடுகிற கறிவேப்பிலையை மட்டும் பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்கள், அதை வாங்கும்போது இன்றைக்கும் கை கொஞ்சம் தயங்கும். டிசம்பரில் ஊரே காலியாகும் என்பதை மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இங்கே ஒரு படிப்புப் பருவம் என்பது எட்டே வாரம். அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். அந்த எட்டு வாரமும் நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள் என்பதற்குக்கூடக் கணக்கு உண்டு. இளநிலை மாணவர்கள் நகர நடுவில் இருக்கும் கிரேட் செயின்ட் மேரிஸ் தேவாலயத்திலிருந்து 3 மைலுக்குள் குடியிருக்க வேண்டும், எங்களைப் போன்றவர்கள் 10 மைலுக்குள். பருவம் முடிந்ததும் அப்படியே தலைகீழ். பல கல்லூரிகளில் இளநிலைப் பிள்ளைகள் அறையையே காலி செய்துவிட்டுப் போகவேண்டும். அப்பாக்கள் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, தலையணை, சைக்கிள், பூந்தொட்டி வரைக்கும் ஏற்றிக்கொண்டு போவார்கள். உண்மையான கிறிஸ்துமஸுக்கு யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால் நவம்பர் 25ஆம் தேதியே 'பிரிட்ஜ்மஸ்' என்று ஒன்றைக் கொண்டாடி முடித்துவிடுகிறார்கள். அன்று எனக்கும் காகிதக் கிரீடம் வைத்துவிட்டார்கள், பக்கத்தில் இருந்தவர்களோடு விழுந்து விழுந்து சிரித்தேன். அது வழியனுப்பு விருந்து என்பது அப்போது உறைக்கவில்லை.

என் அறையும் கைச்சாவியும் எனக்கு உண்டு, ஆராய்ச்சி மாணவர்களை யாரும் கிளப்புவதில்லை. ஆனால் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடம் மூடிவிடும். பல்கலைக்கழக நூலகம்தான் எனக்குப் புகலிடம். 1934இல் திறந்த கட்டடம், நடுவில் ஏறத்தாழ 48 மீட்டர் உயரத்துக்குக் கோபுரம். அதைக் கட்டிய கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்தான் லண்டன் தெருக்களின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டையும் வடிவமைத்தவர். இங்கே சீட்டெழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. இருபது லட்சம் நூல்கள் கைக்கெட்டும் அலமாரிகளில் இருக்கின்றன, நாமே உள்ளே போய் எடுக்கலாம். நான் ஆற்று வண்டலைப் பற்றி ஆராய்கிறவள். ஒரு நாள் வண்டலைத் தேடிப் போய், காவிரிப் பாசனம் பற்றிய பழைய சென்னை மாகாண அறிக்கையைத் தரையில் உட்கார்ந்து மத்தியானம் முழுக்கப் படித்தேன். கொள்ளிடம், வடவாறு, வெண்ணாறு என்று எங்கள் பக்கத்துப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் வரிசையாக வந்தபோது இருந்த சந்தோஷத்தை வேறு எந்த இடமும் எனக்குத் தந்ததில்லை. அந்த நூலகமும் கிறிஸ்துமஸை ஒட்டிச் சில நாள் பூட்டிவிடும்.

அப்புறம் இருட்டு. டிசம்பர் கடைசியில் காலை 8 மணி தாண்டித்தான் சூரியன் வரும், சாயங்காலம் 4 அடிப்பதற்குள் போய்விடும். அம்மா வீடியோவில் கூப்பிடும்போது அங்கே ராத்திரி ஒன்பதரை.

"என்னடி, வெளியில கும்மிருட்டா இருக்கு, அங்க மணி என்ன?"

"நாலும்மா."

"பொய் சொல்லாதே. விளக்கேத்தினியா?"

எத்தனை மணிக்கு ஏற்றுவது என்று நான் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்து, சூரியன் போறப்ப ஏத்து, மணியைப் பார்க்காதே என்றார். அதிலிருந்து மூன்றே முக்காலுக்கு ஏற்றிவிடுகிறேன். மெழுகுவத்தி கூடாது என்று கல்லூரி விதி, எனவே பேட்டரி விளக்கு.

பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் இந்த இருட்டு சரியாக மார்கழியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் ஊரில் மார்கழி இருட்டில் ஒருவரும் தூங்கமாட்டார்கள். நாலரைக்கே கோயில் ஒலிபெருக்கி கரகரவென்று தொண்டையைச் செருமும், அதற்குள் எதிர்வீட்டு அத்தை பாதிக் கோலம் போட்டிருப்பார், சாணி உருண்டையில் செருகப் பூசணிப்பூ கேட்டுச் சின்னப் பிள்ளைகள் கதவைத் தட்டும். தொன்னையில் வாங்கிய வெண்பொங்கலில் நெய் கை வழியாக முழங்கை வரைக்கும் ஓடும். அதே இருட்டுதான் இங்கேயும், ஆனால் தெருவில் ஆள் இல்லை.

அப்படி ஒரு நாள் நடந்து டிரினிட்டி தெருவுக்குப் போனேன். டிரினிட்டி கல்லூரியின் பெரிய வாசலுக்கு எதிரே இருக்கும் ஹ்யூவெல்ஸ் கோர்ட் என்ற மாணவர் குடியிருப்பில்தான் ராமானுஜன் தங்கியிருந்தார். அவரைப் பற்றிப் பேசினால் எல்லோரும் கணக்கைப் பற்றியே பேசுவார்கள், எனக்கு அன்று ஞாபகம் வந்தது அவருடைய கம்பளி. நண்பர் மகலனோபிஸ் ஒரு முறை அவர் அறைக்குப் போனபோது, ராத்திரியெல்லாம் குளிரில் நடுங்குவதாக ராமானுஜன் சொல்லியிருக்கிறார். பார்த்தால், மெத்தையில் இறுக்கிச் செருகிய கம்பளிகளுக்கு மேலேயே, ஓவர்கோட்டும் சால்வையுமாகப் படுத்திருக்கிறார். அதை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. 1914 ஏப்ரலில் அவர் வந்தார், ஆகஸ்டில் போர் தொடங்கிவிட்டது. மாணவர்கள் போர்முனைக்குப் போனார்கள், டிரினிட்டியின் நெவில்ஸ் கோர்ட் ராணுவ மருத்துவமனையாக மாறியது. சைவச் சாப்பாட்டுக்காக அவர் தன் அறையிலேயே தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தார். 1917இல் நோயில் படுத்தார், 1919இல் ஊர் திரும்பினார், அடுத்த ஆண்டு 32 வயதில் போய்விட்டார். என்ன நோய் என்று மருத்துவர்கள் இன்றும் எழுதுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது, நிரூபிக்கமுடியாது, ஆனாலும் தோன்றுகிறது.

24ஆம் தேதி கிங்ஸ் கல்லூரி தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடுவது வானொலியில் உலகம் முழுக்கப் போகும், 1928இலிருந்து வருகிற வழக்கம். 25ஆம் தேதி ரயில் கிடையாது, கடை கிடையாது. அந்த ஒரு நாள்தான் எனக்குப் பயமாக இருந்தது. காலையில் வாயில் காவலர் அறையில் வெளிச்சம் தெரிந்தது, போய்ப் பேசினேன். அந்தப் பெரியவர்தான் பட்டியலைப் பார்த்து, பின்கட்டில் ஒரு நைஜீரியப் பெண்ணும், மேல்மாடியில் ஒரு சீனத்துப் பையனும் இருக்கிறார்கள், தட்டிப் பாரேன் என்றார். தட்டினேன். மத்தியானம் என் சமையலறையில் வெண்பொங்கல், அவள் செய்த ஜொலோஃப் சோறு, அவன் வேகவைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று. மிளகைக் கடித்துவிட்டு அவன் முழித்த முழியைப் பார்த்து நாங்கள் இருவரும் சிரித்து ஓய நேரமாயிற்று. அத்தனை நாளும் நாங்கள் மூவரும் ஒரே கூரையின் கீழ், தனித்தனியாக, ரொட்டி தின்றுகொண்டிருந்திருக்கிறோம்.

அதுதான் எனக்கு ஆறவில்லை. எந்தத் தேவாலயத்திலிருந்து எத்தனை மைலில் நாம் தூங்குகிறோம் என்று கணக்கு வைக்கத் தெரிந்த இடத்துக்கு, விடுமுறையில் யார் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குள் சொல்லிவைப்பது பெரிய காரியமா? ஓர் அறையைச் சூடாக வைத்து, ஒரு மேஜை போட்டால் போதும். சில கல்லூரிகள் செய்கின்றன என்று கேள்வி. எங்கள் கல்லூரிக்கு மூவருமாகக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. அவர்கள் பரிசீலித்து முடிக்கட்டும், இந்த டிசம்பரில் கேம்பிரிட்ஜில் தனியாக இருக்கப்போகிறவர்கள், எந்தக் கல்லூரியானாலும் சரி, 25ஆம் தேதி மத்தியானம் எங்கள் சமையலறைக்கு வந்துவிடுங்கள். தட்டு மட்டும் கொண்டுவாருங்கள், எங்களிடம் போதாது.