எடையைக் குறைக்கிறேன் டாக்டர், அதுவரைக்கும்?

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று சொல்லிப் போனால் முதலில் கிடைப்பது எடையைப் பற்றிய அறிவுரைதான். எடை குறைந்தால் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் ஒல்லியானவர்களுக்கும் இது வருகிறது, தாடை அமைப்பு, டான்சில் என்று வேறு காரணங்களும் உண்டு, அதுவும் போக எடை குறையும்வரை ராத்திரியெல்லாம் மூச்சுமுட்டிக்கொண்டா கிடப்பது? "சரி டாக்டர், குறைக்கிறேன், அதுவரைக்கும் என்ன சிகிச்சை?" என்று நேராகவே கேட்டேன். கூடவே நான் தூங்கும்போது வீட்டில் எடுத்த வீடியோவையும் காட்டினேன். குறட்டை சட்டென்று நிற்கிறது, நெஞ்சு மட்டும் ஏறி இறங்குகிறது, அப்புறம் ஒரு பெரிய திணறல். தூக்கத்தில் மூச்சைக் கவனிக்கும் பரிசோதனைக்கு உடனே எழுதிவிட்டார்.

ரிப்போர்ட்டில் ஏஎச்ஐ என்ற எண்ணைப் பாருங்கள். மணிக்குச் சராசரியாக எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு அது. 5-க்கு மேல் லேசான பாதிப்பு, 15-க்கு மேல் நடுத்தரம், 30-ஐத் தொட்டால் தீவிரம். வீட்டில் செய்யும் சோதனை சில நேரம் குறைத்துக் காட்டும். நார்மல் என்று வந்தும் பகலில் கண் சொருகினால், லேபில் இரவு தங்கிச் செய்யும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் மெஷின் வந்தபின் எனக்கு மாஸ்க் ஓரமாகக் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. "பழகிடும்" என்றார்கள். மெஷினே பதிவு செய்திருந்த கசிவு அளவை எடுத்துக் காட்டினேன், வேறு வகை மாஸ்க் வந்தது. மாஸ்க்கே ஒத்துவராதவர்கள், தாடையை முன்னே தள்ளிப் பிடிக்கும் பல் கருவி தங்களுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். வண்டி ஓட்டும்போது தூக்கம் வந்தால் அதை டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.